நாலு மாத்திரை வெட்டுவதற்கு முன்

"வயித்தைச் சுருட்டிப் பிடிக்குதுண்ணே, ஒரு வலி மாத்திரை குடுங்க."

மருந்தாளுநராக நிற்கும் இந்த 22 வருடங்களில் நான் அதிகம் கேட்ட வரி இது. அதைச் சொல்கிறவரின் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் தடவிக்கொண்டே பேசுகிறவரும், வலது அடிவயிற்றில் ஒற்றை விரலை ஊன்றிக் காட்டுகிறவரும் ஒரே மாத்திரைக்கு உரியவர்கள் இல்லை. தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கிய வலியோடு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வாலாக இருக்கலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுபோனால் குடல் அடைப்பாக இருக்கலாம். இவர்களை நான் கடையில் நிறுத்தி வைப்பதில்லை. வலி கொஞ்சம் அடங்கினாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், நேரம் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பதும் என் வேலைதான்.

முறுக்கு வலிக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது டைசைக்ளோமின். அட்டவணை எச்-இல் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் தரக்கூடாது. "வெறும் வயித்து வலி மாத்திரைதானே, இதுக்குமா சீட்டு?" என்பார்கள். அந்த 'வெறும்' என்ற சொல் என்னை இன்றும் உறுத்துகிறது.

குடலின் சுவரில் தசை இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அதைச் சுருங்கச் சொல்கிறது. சுருக்கம் அளவு மீறினால் முறுக்கிப் பிடிக்கும். டைசைக்ளோமின் அந்தச் செய்தியைத் தசைக்குப் போகவிடாமல் மறிக்கிறது, தசையை நேரடியாகவும் தளர்த்துகிறது. விழுங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் வாயில் எச்சில் ஊறுவதும், தோலில் வியர்ப்பதும், கண் கிட்டத்து எழுத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதும், சிறுநீர்ப்பை சுருங்குவதும் இதே அசிட்டைல்கோலின் சொல்லித்தான். மாத்திரைக்குக் குடல் எது, சிறுநீர்ப்பை எது என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

அதைத் தெரிந்தும் கேட்காமல் விட்ட ஒரு நாள் உண்டு. கடைக்கு வந்த முதல் வருடம். ஒரு பெண் இதே மாத்திரைக்கான பழைய சீட்டை நீட்டினார், சாயங்கால நெரிசல், எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாத்திரை அவருக்கில்லை, எழுபது வயது தாண்டிய மாமனாருக்கு. ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தவர். அன்று இரவு முழுக்க ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகி, விடியற்காலையில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். மறுநாள் அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். 'யாருக்கும்மா?' என்று கேட்காமல் அதற்குப் பிறகு ஒரு மாத்திரையைக்கூட நான் கொடுத்ததில்லை.

கேட்பதிலும் பழக்கம் வேண்டும். "கிளாகோமா இருக்கா?" என்றால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கண்ணுல பிரஷருன்னு தினமும் சொட்டு மருந்து விடுறீங்களா?" என்றால் உண்மை வரும். புராஸ்டேட் என்று சொன்னால் வெட்கப்படுகிற பெரியவரிடம், "ஐயா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? முக்கித்தான் போகுதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பேன். பெண்களிடம் கைக்குழந்தை உண்டா என்று கேட்பேன், பால் கொடுக்கும் தாய்க்கு இது ஆகாது. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கிய மாத்திரை, தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ போடும் மாத்திரை எல்லாவற்றையும் விசாரிப்பேன். அவற்றில் பலவும் வாய் வறட்சி போன்ற இதே விளைவுகளை உண்டாக்குபவை. இரண்டும் சேர்ந்தால் வயதானவர்கள் சில சமயம் தடுமாறிப் பேசுவார்கள், வீட்டில் உள்ளவர்கள் அதை மூப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இளகுவதே இல்லை. மூன்று மாதக் குழந்தை இரவெல்லாம் காலை மடக்கி அழுகிறது என்று, அக்கா குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தின் பாட்டிலோடு ஓர் இளம் தாய் வந்தார். உள்ளே டைசைக்ளோமின். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுத்தால் மூச்சுத் திணறலாம், வலிப்பு வரலாம். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

பெரும்பாலும் இந்த மருந்து தனியாக வருவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் வாங்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம் டைசைக்ளோமினோடு 250 மில்லிகிராம் மெஃபனமிக் அமிலம் இருக்கும். அதை வெறும் வயிற்றில் போடக்கூடாது, வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. மெஃபனமிக் அமிலத்தால் காய்ச்சலும் தோல் தடிப்புமாகத் தொடங்கி உள்ளுறுப்புகளைத் தாக்கும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. இன்னொரு வகையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கும் தனியாகப் போட்டுக்கொண்டிருப்பவர் கணக்கில் அது ஏறாமலே போய்விடும்.

அக்னி நட்சத்திரத்தில் செங்கல் சூளையிலிருந்து யாராவது சீட்டோடு வந்தால் எனக்குக் கவலை கூடும். வியர்வை குறைந்தால் உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிடும். "இதைப் போட்டுட்டு வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அவருக்கு அது ஒரு நாள் கூலி. எனவே தெளிவாகவே சொல்கிறேன்: வியர்க்காமல் உடம்பு கொதித்தால், தலை சுற்றினால், நிழலுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பார்வை மங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அட்டையை வெட்டுவதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெயரும் காலாவதித் தேதியும் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அதை எதிர்முனையிலிருந்து வெட்டினால் கடையில் மிஞ்சுவதில் தேதி தப்பும். ஆனால் வாங்கிப் போகிறவர் கையில் பெயரில்லாத வெள்ளித்தாள்தான் மிஞ்சும். அதனால் கவரின் மேல் மருந்தின் பெயர், தேதி, எப்போது, எத்தனை என்று பேனாவால் எழுதாமல் கொடுப்பதில்லை.

போன வாரம் வந்த பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. சீட்டில் நாலு மாத்திரை. நான் சொல்லி முடித்ததும், "சரி, இப்போ நீங்க சொல்லுங்க பெரியம்மா" என்றேன்.

அவர் விரலை மடக்கினார். "வலிச்சா மட்டும். டாக்டர் சொன்ன அளவுதான். சோத்துக்கப்புறம். வாய் காஞ்சா தண்ணி குடிக்கணும். ஒண்ணுக்கு வரலைன்னா..." நிறுத்தினார்.

"வரலைன்னா?"

"ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.