பெயரொத்த படங்கள்

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், தம் தந்தையார் மறைந்த பின்னர், வீட்டுக் கணினியிற் குவிந்து கிடந்த புகைப்படங்களை ஒழுங்குபடுத்த முற்பட்டார். தந்தையாரின் கமராவிலிருந்தும் தங்கையின் கமராவிலிருந்தும் காலத்துக்குக் காலம் இறக்கப்பட்டவை அவை. எண்ணியபோது 8,312 இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதாயின் விடுமுறை போதாது. எனவே, கட்டளை வரியில் இயங்கும் சிறு நிரலொன்றை எழுதினார்; பன்னிரண்டு வரிகளே.

டிஜிட்டல் கமரா, படம் எடுத்த நாளையும் நேரத்தையும் எக்ஸிப் எனும் குறிப்பாக அக்கோப்பினுள்ளேயே எழுதிவிடுகின்றது. கோப்பின் வெளித்திகதி பிரதிசெய்கையில் மாறக்கூடும். உட்குறிப்பு அவ்வாறு மாறுவதில்லை. (கமராவின் மணிக்கூடே பிழையாயின் அது வேறு கதை.) பில் ஹார்வி என்பார் 2003 இல் வெளியிட்ட எக்ஸிப்டூல் அக்குறிப்பை வாசித்துக் கூறும். அதற்கேற்ப ஆண்டு, மாதம் எனக் கோப்புறைகளை அமைத்துப் படங்களை நகர்த்துவதே நிரலின் வேலை. அரை மணித்தியாலமளவில் யாவும் முடிந்தன. மீண்டும் எண்ணியபோது 8,271 மட்டுமே இருந்தன.

காரணம் பெயரில் இருந்தது. கமராக்கள் படங்களுக்கு எண்ணையே பெயராக இடுகின்றன; 9999 வந்ததும் மீண்டும் 0001. இரு கமராக்களும் ஒரே முறையில் எண்ணிட்டவை. 2011 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இரண்டும் ஒரே எண்களைத் தொட்டிருந்தன. யூனிக்ஸ் மரபில் வந்த எம்.வி. என்னும் கட்டளையோ, சேருமிடத்தில் அதே பெயருடைய கோப்பு இருப்பின் கேளாமலே அதனை அகற்றிவிட்டுப் புதியதை இருத்தும். அதனைத் தடுக்க ஓரெழுத்துத் தெரிவு உண்டு. அவர் அதனை இடவில்லை. பிரதியெடுத்து வையாது மூலங்களையே நகர்த்தியமை அதனினும் பெரும் பிழை.

தங்கையின் படங்கள் முதலிலும் தந்தையாருடையவை பின்னரும் நகர்ந்தன. ஆகவே தந்தையார் எடுத்தவை தப்பின. தந்தையாரை எடுத்தவை போயின.

நிரலைத் திருத்த ஐந்து நிமிடமே சென்றது. போன படங்கள் எவையெனக் கணினி கூறவில்லை. அருகிருந்து பார்த்த தாயாரே கேட்டார்: “கிணத்தடியிலை அப்பா நிண்ட படம் எங்கை தம்பி?”

தங்கையின் பழைய மடிகணினி ரொறொன்ரோவில், அவர் வீட்டு நிலக்கீழறையிற் கிடக்கின்றது. மின்னேற்றி அகப்படவில்லையாம், வார இறுதியில் ஒன்று வாங்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றார்.