கோவிலூரில் வாள்... பொட்டலில் வில்!

காரைக்குடிக்கு வருகிறவர்கள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று கிளம்பிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் கோவிலூர் பலருடைய பட்டியலில் வருவதில்லை. தமிழில் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த மடம் உள்ள ஊர் அது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் சேராவிட்டாலும், சிற்பத்துக்காகவே நின்று பார்க்க வேண்டிய சிவன் கோயிலும் உண்டு. சுவாமி பெயர் கொற்றவாளீஸ்வரர். பெயரிலேயே வெற்றி வாள்!

வாளுக்கு ஒரு சுவாமி என்றால், வில்லுக்கு? அதற்கு விஜயதசமி வரை காத்திருக்க வேண்டும். அன்று இந்தச் சீமையில் மகர்நோன்பு. சுவாமி பொட்டலுக்குப் புறப்பட்டு வந்து அம்பு போடுவார். காரைக்குடியில் அந்த இடத்துக்குப் பெயரே மகர்நோன்பு பொட்டல். பல ஊர்களில் வன்னியோ வாழையோ நட்டு அதன்மேல் எய்வார்கள். வன்னிக்குக் காரணம் மகாபாரதம். அஞ்ஞாதவாசத்தின்போது பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்தது வன்னி மரத்தில்தான். வைக்கும் முன் வில்களின் நாணைக் கழற்றினார்களாம்.

கதை சொன்னவருக்கு வில் தெரிந்திருக்கிறது! நாண் ஏற்றியபடியே கிடக்கும் மர வில், வளைவுக்குப் பழகி வலுவை இழந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் நாணைத் தளர்த்திவிடுவார்கள். இன்னொரு விதி, அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது. அம்போடு போக வேண்டிய வேகம் வில்லுக்கே திரும்பும்; வில் உடைந்துகூடப் போகும். (வில்வித்தை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இதைச் சொல்வார்கள்.)

நாணை எதில் செய்தார்கள்? தோல், விலங்கு நரம்பு, நார். நரம்பு நாண் நனைந்தால் தொய்ந்துவிடும். நார் என்றால் நம் பக்கத்தில் மருள் செடி, பழந்தமிழில் மரல். கற்றாழை போலத் தரையிலிருந்தே நீளமாக இலை விடும். மழை குறைந்த புதர்க்காட்டில் தன்பாட்டுக்கு வளரும். இலையைச் சுரண்டி நாரெடுத்து முறுக்கினால் நாண். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரே 'இந்திய வில்நாண் சணல்'தான். வடமொழியில் இப்படிப்பட்ட நார்ச் செடிக்கு மூர்வா என்று பெயர். நாணுக்கு மௌர்வி என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

நர்சரியில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று வாங்கி டிவி பக்கத்தில் வைக்கிறோமே, அது மருளின் ஆப்பிரிக்கப் பங்காளி!

சிவகங்கைச் சீமை என்றால் வில்லைவிட வளரிதான் நினைவுக்கு வரும். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதை வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். துப்பாக்கி வந்த பின் வில் போர்க்களத்தை விட்டுப் பொட்டலில் ஒதுங்கியது.

நாண் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய போட்டி வில்களில் பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் இழைகள். மழைக்குக் கவலையில்லை, அவ்வளவாக நீளவும் நீளாது. விளையாட்டுக்கு அதுதான் சரி. ஆனால் வருஷத்தில் ஒரே நாள் சுவாமி எடுக்கும் வில்லுக்கு? நைலான் கயிற்றைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை. மருள் நார் உரிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் எந்தக் கிராமத்திலாவது இருந்தால், அந்த ஒரு நாணுக்காவது அவரைக் கூப்பிடலாமே என்று தோன்றுகிறது.

அடுத்த விஜயதசமிக்குக் காலையில் கோவிலூர் பாருங்கள், மாலையில் பொட்டலுக்குப் போங்கள். கூட்டம் கலைந்ததும், வில்லில் கட்டியிருப்பது என்ன நார் என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.