முறுக்கி வைத்த மின்சாரம்

கோவை குறிச்சி சிட்கோவில் பம்ப்செட் பட்டறைகளை ஒட்டி இருக்கிறது அந்த ஷெட். நூற்பாலைகளுக்கான பேட்டரி கேபினட்கள் இங்கே கோக்கப்படுகின்றன. ஆலைகளின் கணக்கு எளிது. மாலை 6 முதல் 10 வரை உயரழுத்த இணைப்புகளுக்கு யூனிட் கட்டணம் 25 சதவீதம் கூடுதல். கூரையில் இருக்கும் சோலாரோ அந்த நேரத்தில் சும்மா கிடக்கும். நண்பகலில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்தால் மாலையில் கைகொடுக்கும்.

மேசையில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி. எடை ஐந்து கிலோவுக்கு மேல். 16 செல் சேர்ந்தால் ஒரு பேக். 15 பேக் அடுக்கினால் 768 வோல்ட்டில் 215 யூனிட் பிடிக்கும் கேபினட்.

டிப்ளமோ முடித்த இளம்பெண் ஒருவர், செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரை வைக்குமுன் செல்லின் அலுமினிய முனையை அழுத்தித் தேய்த்தார். "கண்ணுக்குத் தெரியாம ஆக்சைடு படிஞ்சிருக்கும் சார். அப்படியே பூட்டினா சூடேறிரும்." டார்க் ரெஞ்ச் 8 நியூட்டன் மீட்டரில் இருந்தது. 'டக்' என்றதும் கை நின்றது. போல்ட் தலையிலிருந்து பஸ்பார் வரை சிவப்பு பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இணைப்பில் ஒரு மில்லிஓம் தடை கூடினாலே, 140 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 20 வாட் வெப்பம் பிறக்கும். ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அதற்காக ஓங்கி முறுக்கினால் மரை போய்விடும். வளையல், மோதிரம் எதுவும் உள்ளே கூடாது; முனைகளில் பட்டால் பொறி பறக்கும். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வழி உண்டு. பேட்டரியின் டிசியில் அந்தச் சலுகை கிடையாது.

மேற்பார்வையாளர் முன்பு ஒரு ஆலையின் பேட்டரி அறையைக் கவனித்தவர். "ஆசிட் செல்லுன்னா ஹைட்ரோமீட்டரை விட்டாப் போதுங்க, 1250 காட்டினா ஃபுல்லு. இது வாயே தொறக்காதுங்க" என்றார். உண்மைதான். இருப்பு 20 சதவீதமோ 90 சதவீதமோ, வோல்ட் 3.3ஐ ஒட்டியே நிற்கும். ஏறியதையும் இறங்கியதையும் எண்ணித்தான் கட்டுப்பாட்டு அமைப்பு இருப்பைச் சொல்கிறது. எண்ணிக்கையில் சேரும் பிழையைத் தீர்க்க, அவ்வப்போது முழுதாக ஏற்றிக் கணக்கை நேராக்க வேண்டும்.

கோக்குமுன் ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் அளந்து இனம் பிரிக்கிறார் மேற்பார்வையாளர். தொடர் இணைப்பில் நலிந்த செல் எப்போது நிற்கிறதோ, அப்போது மொத்த கேபினட்டும் நிற்கும். மற்றவற்றோடு ஒத்துப்போகாத ஒன்றை என் கண்முன்னே ஒதுக்கினார்.

வாங்க வருகிறவர்கள் விலையையும் ஆயுள் சுழற்சியையும் துருவித் துருவிக் கேட்கிறார்களாம். வருஷா வருஷம் வெப்பக் கேமராவோடு வந்து போல்ட்டுகளைப் பார்க்கப்போவது யார் என்று கேட்பவர் குறைவு. "அதை ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்குங்கன்னு நானே சொல்லிருவேனுங்க" என்றார்.