நான்கு போல்ட் துளைகள்

2014-இல் அந்த அம்மா என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தபோது வலது கையைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். வயது 40. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிருந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு சிறு பட்டறையில், பாட்டில் மூடிக்கு வாட் போடும் மெஷினில் வேலை.

மூடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான ஃபோம் துண்டுதான் வாட். அது இல்லையென்றால் எண்ணெய் பாட்டிலை எவ்வளவு இறுக்கினாலும் கசியலாம். மெஷினில் ஃபோம் ரோல் மேலிருந்து இறங்கும். பஞ்ச் அதை வட்டமாக வெட்டி, கீழே வரிசையாக வரும் மூடிக்குள் அழுத்தும். அடுத்து ஒரு சென்சார் பார்க்கும். வாட் இல்லாத மூடியைக் காற்று ஊதித் தள்ளிவிடும்.

"தள்ளின மூடிக்குக் கூலி கிடையாது சார்" என்றார் அவர். ரோல் சிக்கினால் மூடிகள் காலியாகவே ஓடும். அதனால் மெஷினை நிறுத்தாமல் கையை விட்டுச் சிக்கலை எடுப்பது அங்கே வழக்கம். அப்படி எடுக்கும்போதுதான் விரல் போனது.

இழப்பீடு கேட்டு மனு போட்டோம். முதலாளி தரப்பு இரண்டு பதில் வைத்தது. பட்டறையில் ஏழு பேர்தான், தொழிற்சாலைச் சட்டம் பொருந்தாது என்பது ஒன்று. அது நிற்கவில்லை, மின்சாரம் வைத்து உற்பத்தி நடக்கும் இடத்துக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் பொருந்தியது, தலைக்கணக்கு தேவைப்படவில்லை. மற்றொன்றுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: விபத்து நடந்த அன்று காலை பஞ்ச்சுக்கு முன்னிருந்த பாதுகாப்புத் தடுப்பை, அதாவது கார்டை, அவரே கழற்றினார் என்றார்கள். பாதுகாப்புக்கென்று தெரிந்தே ஒரு தொழிலாளி கார்டை வேண்டுமென்று அகற்றினால், இப்படிப்பட்ட காயத்துக்கு இழப்பீடு இல்லை. அந்தச் சட்டத்தின் பிரிவு 3 அப்படித்தான் சொன்னது.

மெஷினை நேரில் பார்க்க, வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையரிடம் அனுமதி வாங்கிப் போனேன். கார்டு பொருத்தும் இடத்தில் நான்கு போல்ட் துளைகள். குனிந்து பார்த்தேன். நான்கிலும் எண்ணெயில் ஊறிய ஃபோம் தூள் கெட்டியாக அடைத்திருந்தது. தீக்குச்சியால் கிளறினேன், உள்ளே மரையெல்லாம் துரு. கார்டோ ஸ்டோர் ரூமில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு காலையில் சேரும் துரு அல்ல அது.

குறுக்கு விசாரணையில் சூப்பர்வைசரிடம் புகைப்படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கார்டு போட்டா சிக்கல் எடுக்க லேட் ஆகும்னு முன்னாடியே கழட்டிட்டோம்" என்றார். அந்த அம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திருடியதாகப் பழி சுமந்தவர் விடுபட்டது போலிருந்தது அந்த முகம்.

கணக்கு இது. கணக்கில் எடுக்க அப்போதிருந்த மாதக் கூலி உச்சவரம்பு 8,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 4,800. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் வரும் தொகையில், ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்குச் சட்டத்தின் அட்டவணை தந்தது 11 சதவீதம். மூடியைத் தடவிப் பார்த்தே வாட் சரியா என்று சொன்ன விரல் அது. பதினொன்று போதவே போதாது என்று வாதாடினேன். அட்டவணையைத் தாண்ட ஆணையரால் முடியவில்லை. 97,242 ரூபாயும் 12 சதவீத வட்டியும் தரச் சொல்லி உத்தரவு வந்தது.

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்டைத் திறந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு சுவிட்ச் பொருத்தலாம். தயவுசெய்து பொருத்துங்கள். சென்சார் தள்ளும் மூடிக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.