அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்தவன்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் போதும், அவருடைய யோக்கியதையே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். கொலஸ்ட்ரால் கூடுதலா? வாயைக் கட்டத் தெரியாதவர். குறைவா? ஒழுக்கசாலி. ஜப்பானில், கனஸாவாவில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் குணத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. அங்கே ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் 'கென்ஷின்' என்கிற உடல் பரிசோதனை கட்டாயம். முடிவு வந்த வாரம் சிலர் தாங்களாகவே சொல்வார்கள். சொல்லாதவர்களிடம் நான் கேட்பேன்.

பக்கத்து மேசைக்காரர் ஒல்லிக்குச்சி. மதியம் மீனும் சோறும் மிசோ சூப்பும்தான். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 230. "ராத்திரியில் ராமென் கடைப்பக்கம் ஒதுங்குகிறீர்களோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் சிரித்துவைத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உபதேசம் செய்தேன். ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்த ஜப்பானியருக்குக் கொலஸ்ட்ரால் ஏறிய கதைதான் என் ஆயுதம். கதை உண்மைதான். நான் அறிந்தது அது ஒன்றைத்தான் என்பதுதான் கோளாறு.

எதிர் மேசையில் அகிதா மாகாணத்து அம்மையார். அவருக்கு நல்ல கொழுப்பு, அதாவது எச்டிஎல், நூறைத் தாண்டியிருந்தது. "உங்களுக்கு நூறு வயது நிச்சயம்" என்று சான்றிதழ் கொடுத்தேன்.

பிறகு ஒருமுறை அலுவலகத்தார் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போனோம். எனக்கு முன்னால் அந்த ஒல்லிக்குச்சி நடந்து போனார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அவருக்கு மட்டும் கட்டைவிரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. அடிபட்டதா என்று கேட்டேன். "கொழுப்பு படிந்திருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான். 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்" என்றார், வானிலை சொல்கிற குரலில்.

அன்று இரவுதான் படிக்க உட்கார்ந்தேன். ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை ஈரல் உள்ளே இழுத்துக்கொள்ள ஏற்பிகள் வேண்டும். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அதற்கான மரபணு பழுதாகி வந்தால் பாதி ஏற்பிகள் சரியாக வேலை செய்யாது. ஜப்பானில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்தக் குடும்பக் கொழுப்பு நோய் உண்டு. மருத்துவர்கள் குதிகால் நாணை எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள். ஆணுக்கு 8 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 7.5 என்பது இப்போதைய கோடு. அகிதாவில் பிறந்த அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின்தான், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளில் முதலாவது. அதை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1981இல் கட்டுரை வெளியிட்டது மபுச்சி என்ற மருத்துவரின் குழு. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம்? கனஸாவா! கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன்.

அம்மையாருக்குக் கொடுத்த சான்றிதழும் செல்லாது. எச்டிஎல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்குக் கடத்தும் புரதம் ஒன்று உண்டு, பெயர் சிஇடிபி. அதன் மரபணுவில் வரும் சில மாற்றங்கள் ஜப்பானியரிடம் சகஜம். கடத்தல் நின்றால் எச்டிஎல் தேங்கி எகிறும். அகிதாவின் ஒமாகரிப் பகுதியில் இப்படிப்பட்டவர்கள் மிக அதிகம். அவர்களை ஆராய்ந்து 1997இல் வெளியான கட்டுரை, இந்த உயர்வுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பில்லை என்றது. அதே புரதத்தை மருந்தால் முடக்கினால் இதயத்துக்கு நல்லது என்று நம்பி உருவாக்கிய டார்செட்ராபிப், சோதனையில் சாவுகள் கூடியதால் 2006இல் கைவிடப்பட்டது.

இருவரில் ஒருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய ராமென் பேச்சைக் கிளறினால் அவருக்குத்தான் சங்கடம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. உபதேசி பதவி போய்விடுமே என்ற கவலை. அம்மையாரிடம் ஒமாகரி சமாசாரத்தைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த கென்ஷின் வந்தது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு யூரிக் அமிலம் எகிறியிருந்தது. "தினமும் பீரா?" என்று கேட்டுவிட்டேன்.