வடையா... தனியா?

செமஸ்டர் முடிஞ்சு பாதி கிளாஸ் ஊருக்கு மூட்டை கட்டியாச்சு. நாங்க நாலு பேர் மட்டும் மயிலாப்பூர் மொட்டை மாடி ரூம்லயே கிடந்தோம். காரணம் சொன்னா சிரிப்பீங்க... கச்சேரி! திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து வந்த எனக்கும் கர்னாடக சங்கீதத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. எல்லாம் 'தொம்'முக்காக.

தொம் எங்க கிளாஸ்மேட். மிருதங்கம் வாசிப்பான். பெஞ்ச், டிபன் பாக்ஸ், என் முதுகு... எது கிடைச்சாலும் தட்டுறதால இந்தப் பேர். அவனுக்கு ஒரு சபாவுல சனிக்கிழமை மத்தியானம் 2 மணி ஸ்லாட் கிடைச்சிருந்தது. மத்தியானக் கச்சேரின்னா பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, யார் வேணும்னாலும் போய் உட்காரலாம். ஆனா, யாரும் வர மாட்டாங்க!

போதாக்குறைக்கு அவன் இடது கைக்காரன். பாடுறவங்களுக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின்... இதுதான் மேடை வழக்கம். இடது கைக்காரன் வந்தா ரெண்டு பேரும் இடம் மாறி உட்காரணும். சில வயலின்காரங்களுக்கு அது பிடிக்காது. பழனி சுப்பிரமணிய பிள்ளைன்னு மிருதங்கத்துல ஒரு சிங்கம் இருந்தாராம். அவரும் இடது கை. அவருக்கே இந்தக் காரணத்துக்காகக் கச்சேரி தட்டிப் போயிருக்குன்னா, எங்க தொம் எம்மாத்திரம்? ரெண்டு வருஷமா ஒவ்வொரு டிசம்பரும் போன் வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தவன்.

''கூட்டம் வரலைன்னாகூடப் பரவாயில்லடா. வந்தவங்க தனிக்கு எழுந்து போயிடுவாங்க பாரு... அதுதான் தாங்காது'' என்றான்.

தனின்னா தனி ஆவர்த்தனம். மெயின் உருப்படி முடியுற நேரத்துல பாட்டு, வயலின் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடும். மிருதங்கம் மட்டும் தன் சரக்கைக் காட்டற பத்து நிமிஷம். அதைத்தான் நம்ம ஜனம் கேன்டீன் பெல்லா எடுத்துக்குது!

திங்கட்கிழமையே கேன்டீனை நோட்டம் விடக் கிளம்பினோம். நம்ப மாட்டீங்க, கச்சேரி டிக்கெட் இல்லாமலே அங்கே சாப்பிடலாம். கீரை வடை, அடை அவியல், சேவை, காசி அல்வான்னு ஒரு ரவுண்டு. பில்லைப் பார்த்ததும் 'நாளையில இருந்து ஒரு பிளேட், நாலு ஸ்பூன்'னு தீர்மானம் போட்டோம். ஹவுஸ் ஓனர் மாமா அங்கேதான் இருந்தார். வடையைப் பிய்த்தபடியே வரலாறு எடுத்தார். 1927-ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்து, அதுல இருந்துதான் 1928-ல மியூசிக் அகாடமி பிறந்ததாம். 2017-ல யுனெஸ்கோ சென்னையை இசை நகரம்னு பட்டியல்ல சேர்த்தது வரைக்கும் மூச்சு விடாமச் சொன்னார். ''சனிக்கிழமை வர்றீங்களா மாமா?''

''வரேன்டா. ஆனா தனிக்கு எழுந்துடுவேன். மூணே காலுக்குத்தான் வடை சூடா போடுவான்.''

அடப்பாவி மாமா!

செவ்வாய் ராத்திரி முழுக்க அரட்டை. விடிகாலை அஞ்சு மணிக்கு டீ தேடி மாட வீதிக்கு வந்தா, பனிக்குல்லா போட்ட பெருசுங்க பஜனை பாடிக்கிட்டுப் போறாங்க. பாபநாசம் சிவன் ஒரு காலத்துல இதே வீதிகள்ல மார்கழி பஜனை பாடிட்டுப் போனவராம். வாசலை அடைச்சுக் கோலம் போட்டுட்டு இருந்த ஒரு மாமி, ''மிதிக்காமப் போங்கோடா''ன்னு அதட்டினாங்க. ரெண்டு வருஷமா அதே தெருவுல குடியிருக்கேன். என்கிட்ட அவங்க பேசின முதல் வார்த்தை அதுதான். ''மாமி, சனிக்கிழமை எங்க ஃப்ரெண்டு கச்சேரி''ன்னு அங்கேயே ஆரம்பிச்சுட்டேன்.

அப்புறம் என்ன... பிரசாரம்தான்! கோயில் வாசல் பூக்கார அக்கா, அயர்ன்கடை அண்ணன், காளத்தி கடையில ரோஸ் மில்க் குடிக்க வந்த ஜூனியர்ஸ் யாரையும் விடலை. பூக்கார அக்கா மட்டும் தயங்கினாங்க. ''உள்ள எல்லாம் விடுவாங்களா தம்பி?''

எனக்குச் சுருக்குன்னுது. முதல் வருஷம் சபா வாசல் வரைக்கும் போயிட்டு, செருப்பைப் பார்த்துட்டுத் திரும்பினவன்தான் நானும். யாரும் என்னைத் தடுக்கலை. நானேதான் திரும்பினேன்.

வியாழக்கிழமை மொட்டை மாடியில தாளம் கிளாஸ். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்... அப்புறம் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். கேட்க ஈஸி, போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்! ''கடைசியில கோர்வை வரும். மூணு தடவை வாசிப்பேன். மூணாவது முடிஞ்சதும் கை தட்டுங்க''ன்னு தொம் படிச்சுப் படிச்சுச் சொன்னான்.

சனிக்கிழமை. மேடைக்குப் பின்னாடி தொம் ரவையைப் பிசைஞ்சு தொப்பிப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்தான். விரல் நடுங்குச்சு. வயலின் வாசிக்கிற அக்கா வந்து, ''நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கறேன்பா''ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் விஷயம்!

ஹால்ல தலையை எண்ணினேன். இருபத்தி ஆறு. அதுல பதினொண்ணு நம்ம ஆளுங்க. பூக்கார அக்கா கடைசி வரிசையில, கூடையைக் காலடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

மூணு மணி தாண்டுச்சு. பாடகர் தொம் பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார். தனி!

சொல்லி வெச்ச மாதிரி முன் வரிசையில நாலு பேர் எழுந்தாங்க. பின்னாடியே இன்னும் மூணு பேர். கேன்டீன்ல இருந்து எண்ணெய் வாசனை வேற வந்து மூக்கைத் துளைக்குது. மத்தியானம் நான் சாப்பிடலை பாஸ்... சத்தியமா அந்த நிமிஷம் எனக்கும் எழுந்துக்கத் தோணுச்சு. தொம் நிமிரவே இல்லை. ஆரம்பத்துல கொஞ்சம் அவசரம் தெரிஞ்சது. எனக்கே தெரிஞ்சதுன்னா பார்த்துக்கங்க.

மாமாவும் எழுந்தார். மேல்துண்டை உதறினார். கதவு வரைக்கும் போனார். போனவர் கை மட்டும் தொடையில தட்டிக்கிட்டே இருந்தது... தட்டு, சுண்டு விரல், மோதிர விரல். கதவைத் திறந்து பிடிச்சபடி அப்படியே நின்னுட்டார். வெளியேயும் போகலை, வந்து உட்காரவும் இல்லை.

தொம்மோட அவசரம் எப்போ போச்சுன்னு எனக்குத் தெரியலை. திடீர்னு ஹால் பூரா அந்த இடது கைதான் கேட்டது. பூக்கார அக்கா தாளத்தைத் தப்பாத்தான் போட்டாங்க, ஆனா நிறுத்தவே இல்லை. கோர்வை வந்தது. ஒண்ணு... ரெண்டு... அவ்வளவுதான், எங்க பதினொரு பேரும் விசிலோட கை தட்டிட்டோம்! தொம் நிமிர்ந்து ஒரு முறை முறைச்சுட்டு, மூணாவதை அடிச்சு முடிச்சான். அப்போ கதவுகிட்ட இருந்து ஒத்தையா ஒரு கைதட்டல்.

கச்சேரி முடிஞ்சு கேன்டீனுக்கு ஓடினா, வடை காலி. மாமாவுக்கும் கிடைக்கலை. தொம் தனக்குக் கொடுத்த கவரைப் பிரிச்சான். எண்ணினதும் மாட வீதி பஜ்ஜிக் கடைக்கு மட்டும்தான் கட்டும்னு தெரிஞ்சது. சட்னி தொட்டு முதல் வாய் வெக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்.

''எருமைங்களா... மூணுடா! மூணு தடவைன்னு சொன்னேனா, இல்லையா?''