கங்காணி வீட்டுக் கடைசிப் பிள்ளை

பேஸ்பால் என்னும் ஆட்டத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் பள்ளித் திடலில் நம் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ், சாப்ட்பால் இரண்டுக்கும் அது நெருங்கிய உறவு. ஒருவர் பந்தை எறிவார். இன்னொருவர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு முனைகளையும் சுற்றி ஓடிவர முயல்வார். தடுக்கும் அணியில் ஒன்பது பேர். அவர்களில் மூவர் எல்லாருக்கும் பின்னால், திடலின் கோடியில் நிற்பார்கள். இவர்களுக்கு அவுட்பீல்டர் என்று பெயர்.

நம் பள்ளிகளில் ஆடத் தெரியாத பிள்ளையை, "நீ போய் அங்கே நில்லுடா" என்று அனுப்பும் இடம் அதுதான். அமெரிக்காவில் அப்படி அனுப்பினால் ஆட்டம் போய்விடும். சிறப்பாக, வலப்பக்கக் கோடியில் நிற்பவனுக்கு வலுவான கை வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எதிரி மூன்றாம் முனையைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். அந்த எறி ஏறக்குறைய முன்னூறு அடி தூரம் போக வேண்டியிருக்கும். அந்த இடத்தில் பதினெட்டு ஆண்டுகள் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அவர் பெயர் ரொபெர்ட்டோ கிளெமெண்டே.

இவரைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு தொப்பி. என் வகுப்புப் பையன் ஒருவன் பாசார் மாலாமில் வாங்கிய கறுப்புத் தொப்பியில் மஞ்சள் நிறத்தில் ஆங்கில 'பி' எழுத்து இருந்தது. "சார், பி என்றால் என்ன சார், பினாங்கா?" என்றான். பினாங்கு இல்லை தம்பி, பிட்ஸ்பர்க். அது இரும்பு உருக்கும் ஊர். பைரட்ஸ் என்ற அணியின் சின்னம் அந்த எழுத்து. கிளெமெண்டே ஆடியது அந்த அணிக்குத்தான்.

அவர் பிறந்தது போர்ட்டோ ரிக்கோத் தீவில் கரோலினா என்னும் ஊரில், 1934 ஆகஸ்ட் 18 அன்று. தீவு அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. தந்தை மெல்கோர் கரும்புத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் வேலை பார்த்தார். நம் வழக்கில் சொன்னால் கங்காணி. தாயார் பெயர் லூயிசா. ஏழு பிள்ளைகளில் இவர்தான் கடைசி. பால் சுமக்கும் வேலைக்குப் போய், காசு காசாக மூன்று ஆண்டுகள் சேர்த்து, ஒரு பழைய சைக்கிள் வாங்கினார் என்று சொல்வார்கள். கையில் எந்நேரமும் ஒரு ரப்பர் பந்தை வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பாராம், மணிக்கட்டில் வலு ஏறுவதற்காக. பள்ளியில் ஈட்டி எறிந்தார். பிற்காலத்தில் நாடே வியந்த அந்தக் கை இப்படித்தான் தயாரானது.

1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பெரிய அணி பத்தாயிரம் டாலர் கொடுத்து இவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் தன் முதல் அணியில் சேர்க்காமல் கனடாவில் மொன்ட்ரியாலில் இருந்த துணை அணிக்கு அனுப்பியது. அங்கேயும் பெரும்பாலான நாட்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து விதிப்படி, இவ்வளவு பெரிய தொகைக்கு எடுத்த இளைஞனை முதல் அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஆண்டு முடிவில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் அணிக்கு முதல் தேர்வு கிடைத்தது. நாலாயிரம் டாலரைக் கட்டி இவரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த மாதமே ஊரில் குடிகாரன் ஒருவன் ஓட்டிவந்த கார் இவர் காரில் மோதி முதுகெலும்பு அடிபட்டது. அந்த வலி கடைசிவரை இவரை விடவில்லை.

1955இல் பயிற்சிக்காக அமெரிக்காவின் தெற்கே புளோரிடாவுக்குப் போனார். அங்கே கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாம் தனித்தனி. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் ஓட்டலில் தங்குவார்கள். இவர் கறுப்பர் குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்க வேண்டும். வழியில் சாப்பிட நிறுத்தினால் அவர்கள் உள்ளே போய் உண்பார்கள். கறுப்பு ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே இருக்க வேண்டும், யாராவது உணவை வெளியே கொண்டுவந்து தருவார்கள். போர்ட்டோ ரிக்கோவில் இவர் இப்படி வளரவில்லை. பஸ்ஸில் கையேந்திச் சாப்பிடமாட்டேன், எங்களுக்குத் தனி வண்டி வேண்டும் என்று பின்னர் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார்.

நிறத்தைவிட மொழி இவரை அதிகம் வதைத்தது என்பது என் எண்ணம். இவர் பேசும் ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை இருக்கும். பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடித்தார்கள். 'ஹிட்' என்று சொன்னால் 'ஹீட்' என்று போட்டார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். அந்த நிருபர்களில் எத்தனை பேருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேச வரும்? இரண்டாம் மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவன் அறிவில்லாதவன் அல்லன். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மொழி முழுதாகத் தெரியும். வகுப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் திக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது எனக்கு வரும் கோபம் இதைப் படித்தபோதும் வந்தது.

பெயரையும் விட்டுவைக்கவில்லை. ரொபெர்ட்டோ என்று கூப்பிட நாக்கு வளையாமல் 'பாப்' என்று ஆக்கிவிட்டார்கள். 1957 முதல் 1969 வரை வந்த ஆட்டக்காரர் படச் சீட்டுகளில் 'பாப் கிளெமெண்டே' என்றே இருக்கும். என் பெயர் ரொபெர்ட்டோ என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரட்டுப் புத்தகத்தில் கிராணி எழுதியதே பெயராகிப்போன நம் தாத்தா பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு வலிக்கிறது என்றாலும், சாக்குச் சொல்கிறார், சோம்பேறி என்று எழுதினார்கள். சோம்பேறி பதினெட்டு ஆண்டில் 2,433 ஆட்டங்கள் ஆடினார்!

அவருடைய ஆட்டக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பேஸ்பாலில் மட்டையாளரின் சராசரியைத் தசமத்தில் சொல்வார்கள். கிளெமெண்டேயின் வாழ்நாள் சராசரி .317. அதாவது ஆயிரம் முறைக்கு 317 முறை பந்தைச் சரியாக அடித்து முனை சேர்ந்தார்; மீதி 683 முறை வெறுங்கையோடு திரும்பினார். பரீட்சையில் முப்பத்திரண்டு மதிப்பெண் வாங்கினால் நாம் காதைத் திருகுவோம். அங்கே அதுதான் உச்சம், ஏனெனில் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும் பந்தை அடிப்பது அவ்வளவு கடினம். 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் தம் லீக்கில் முதல் சராசரி இவருடையது. 1961 முதல் 1972 வரை, ஓர் ஆண்டும் விடாமல் பன்னிரண்டு முறை, பந்து தடுப்போருக்கான தங்கக் கையுறைப் பரிசு பெற்றார். 1966இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் கிடைத்தது.

1960இல் பைரட்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமெண்டே அடித்திருந்தார். ஆனால் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் அவருக்கு எட்டாம் இடமே தந்தார்கள். வெற்றி நாளன்று தோழர்கள் அறைக்குள் கொண்டாடிக்கொண்டிருக்க, இவர் உடை மாற்றிக்கொண்டு வெளியேறித் தெருவில் திரண்டிருந்த சாதாரண ஜனங்களோடு கலந்துகொண்டார்.

பதினோராண்டு கழித்து, 1971இல், பால்டிமோர் அணிக்கு எதிராக மீண்டும் உலகத் தொடர். அவருக்கு வயது முப்பத்தேழு. இம்முறையும் ஏழு ஆட்டங்களிலும் அடித்தார், சராசரி.414. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவித்து ஒலிவாங்கியை நீட்டியபோது, முதலில் ஸ்பானிய மொழியில் பேச அனுமதி கேட்டுக்கொண்டார். தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறி, தாய் தந்தையர் தமக்கு ஆசி வழங்கும்படி வேண்டினார். எந்த மொழி வாடையைக் கேலி செய்தார்களோ, அந்த மொழியை நாடே வாய்மூடிக் கேட்டது. நல்ல நாளில் பெற்றோர் காலைத் தொட்டு வணங்குகிற நமக்கு அந்தச் சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

1972 செப்டம்பர் 30 அன்று மூவாயிரமாவது அடியை அடித்தார். அதுவரை பத்துப் பேரே எட்டிய எண் அது. வழக்கமான பருவத்தில் அவர் அடித்த கடைசி அடியும் அதுவே.

அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று நிகாராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் கிளெமெண்டே போர்ட்டோ ரிக்கோ அணியை அழைத்துக்கொண்டு அங்கே தங்கி வந்திருந்தார். பண்டிகை நாளென்றும் பாராமல் உணவும் மருந்தும் திரட்டி அனுப்பினார். அனுப்பிய பொருள்கள் உரியவர்களுக்குப் போகாமல் அந்நாட்டு இராணுவத்தார் கைக்குப் போவதாகச் செய்தி வந்தது. நானே கூடப் போனால் தொடமாட்டார்கள் என்று கிளம்பினார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மேல் சுமை ஏற்றிய பழைய டிசி-7 விமானம் சான் ஹுவானிலிருந்து எழும்பியவுடன் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அணித்தோழர் மானி சாங்கியேன் கடலில் மூழ்கித் தேடினார். கிளெமெண்டேயின் உடல் கிடைக்கவேயில்லை.

மனைவி வேராவும் மூன்று ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தவனுக்கு வயது ஏழு. இவர் அந்த விமானத்தில் ஏறியது சரியா என்று என்னைக் கேட்டால், ஏறியிருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். பொருளை அனுப்பியவர் விமானத்தின் எடையையும் என்ஜினையும் இன்னொருவரைக் கொண்டு சோதித்திருக்கலாம். ஆனால் நாலு பேர் அனுப்பிய அரிசி நடுவழியில் காணாமல் போகும்போது, எனக்கென்ன என்று இருக்கத் தெரியாத மனிதர் அவர்.

ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்த பிறகே பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம் தருவார்கள். இவருக்கு அந்த விதியைத் தளர்த்தி 1973இலேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்கரில் இவரே முதலாமவர். அங்கே பதித்த வெண்கலப் பலகையிலும் பெயரைத் தவறாகவே எழுதினார்கள். ஸ்பானிய வழக்கப்படி தந்தை குடும்பப் பெயர் முதலில், தாயின் குடும்பப் பெயர் பின்னால் வரவேண்டும். அதை மாற்றி 'ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமெண்டே' என்று வார்த்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் அதை எடுத்துவிட்டு, 'ரொபெர்ட்டோ கிளெமெண்டே வாக்கர்' என்று புதுப் பலகை வைத்தார்கள்.